வெறுங்காலில் மரத்தரை தேடி: அம்பத்தூர், ஆவடி, கரையான்சாவடி

இந்தப் பக்கத்தில் இதுவரை மலை ஏறிய கதை, படகில் தீவுக்குப் போன கதை எல்லாம் எழுதியிருக்கிறேன். இந்த முறை மொத்தமே நாற்பத்து நான்கு கிலோமீட்டர்தான், அதுவும் ஆட்டோவில். சிரிக்காதீர்கள். எந்த மலையிலும் நான் இப்படி அதிர்ந்து போய் உட்கார்ந்ததில்லை.

போன காரணத்தைச் சொல்கிறேன். நான்கு மாதத்துக்கு முன்னால், கோவில்பதாகையில் நாங்கள் வாங்கிய புது ஃப்ளாட்டில், குளித்துவிட்டு வந்தவள் படுக்கையறை டைல்ஸில் சறுக்கி விழுந்தேன். முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கும் டைல்ஸ். ஆசை ஆசையாக நானே தேர்ந்தெடுத்தது. வலது கணுக்கால் மூன்று இடத்தில் உடைந்தது. உள்ளே தகடு வைத்துத் திருகு போட்டார்கள். எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லியே ஒரு மாதம் ஆகிறது. ஆனால் கைத்தடி இல்லாமல் ஓரடி எடுத்து வைக்க என்னால் முடியவில்லை. தரையைப் பார்த்தாலே உள்ளங்கால் கூசுகிறது. "எலும்புக்கு ஒண்ணும் இல்லம்மா. நீங்க இந்தத் தடிய விடலன்னா கால் சூம்பிடும். அப்புறம் நொண்டுறது நிரந்தரமாயிடும்" என்று போன முறை டாக்டர் கண்டித்தே அனுப்பினார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அழுதேன்.

என் கணவர் அறை முழுக்க ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டார். படுக்கையறை உடற்பயிற்சிக் கூடம் மாதிரி ஆனதுதான் மிச்சம். எனக்கு மரத்தரை வேண்டும் என்று தோன்றியது. வழுக்கக் கூடாது, காலுக்கு இதமாக இருக்க வேண்டும். அதற்காக எங்கேயோ ஒரு காட்டை வெட்டியிருக்கவும் கூடாது. இணையத்தில் படம் பார்த்து வாங்குகிற வேலையே வேண்டாம், நின்று பார்த்துத்தான் வாங்குவது என்று முடிவு செய்தேன். படத்தைப் பார்த்து வாங்கிய டைல்ஸ்தானே என்னைத் தள்ளிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு காலை 9.10க்குக் கிளம்பினேன். எங்கள் தெருமுனை ஆட்டோக்காரர் தாஸ், நாள் முழுக்க 1,100 ரூபாய் என்று பேசி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் வண்டியை எடுக்காமலேயே திரும்பிப் பார்த்தார்.

"இன்னாக்கா, தரையப் பாக்கறதுக்கா இம்மாந்தூரம்? ஊட்லயே தரை கீதே!"

என் கையில் ஒரு தண்ணீர் பாட்டில். கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு மூடித் தண்ணீரைத் தரையில் ஊற்றி, அதன்மேல் நின்று பார்ப்பது. இதுதான் என் சோதனை. நீங்களும் செய்யுங்கள், வெட்கப்படாதீர்கள்.

முதலில் அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு பெரிய ஷோரூம். பன்னிரண்டு கிலோமீட்டர், சி.டி.எச். சாலை நெரிசலில் ஐம்பது நிமிடம். உள்ளே ஏசி, மெல்லிய இசை, தரை முழுக்கத் தேன் நிறத்தில் தேக்கு. விற்பனைப் பையன் ஒருவர் "ஈகோ ஃபிரெண்ட்லி மேம், சதுர அடி 140 ரூபாய்தான்" என்றார். தேக்கு 140 ரூபாயா! எனக்குத் தலைகால் புரியவில்லை. கால் வலிக்கிறது என்று நாற்காலி கேட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்ததால்தான் கண்ணில் பட்டது. ஒரு பலகையில் கண் மாதிரி ஒரு கணு இருந்தது. நான்கு பலகை தள்ளி அதே கணு, அதே இடத்தில். இன்னும் நான்கு தள்ளி மறுபடியும் அதே. ஒரே மரத்துக்கு எப்படி ஒரே கண் இத்தனை இடத்தில் இருக்கும்?

"அது பிரிண்ட் மேம். மரத்தூளை அழுத்தின அட்டை, மேல தேக்கோட ஃபோட்டோ, அதுக்கு மேல பிளாஸ்டிக் கோட்டிங். லாமினேட்னா எல்லாமே இப்படித்தான்" என்றார் அவர், ஏதோ எனக்கு மட்டும்தான் இது தெரியாது என்கிற மாதிரி.

காகிதத்தில் அச்சடித்த ஃபோட்டோவின் மேல் நான் பத்து நிமிடமாக நின்றிருக்கிறேன். மூடித் தண்ணீரை ஊற்றினேன். வீட்டு டைல்ஸே தேவலை என்கிற அளவுக்கு வழுக்கியது. தடியை இறுகப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மணி 11.15. அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர் திரும்பி ஆவடி. பேருந்து நிலையத்தைத் தாண்டி உள்ளே ஒரு மரக்கடை. வாசலிலேயே "பழைய மரம், புதிய வாழ்வு" என்று எழுதியிருந்தது. இடித்த வீடுகளின் உத்தரம், தூண் இதையெல்லாம் அறுத்துத் தரைப்பலகை ஆக்குகிறார்களாம். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. புதிதாக ஒரு மரமும் சாக வேண்டாம்! பலகைகள் கறுத்து, ஆணி ஓட்டைகளும் சிராய்ப்புமாக அவ்வளவு அழகு. கடைக்காரர் சதுர அடி 650 சொன்னார். தண்ணீர்ச் சோதனையிலும் பரவாயில்லை. முன்பணம் கொடுக்கக் கைப்பையைத் திறந்தேவிட்டேன்.

நல்லவேளை, கழிப்பறை எங்கே என்று கேட்டேன். பின்பக்கம் என்றார்கள். அங்கே கொட்டகையில் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் புத்தம் புதிய வெளுத்த பலகையை சைக்கிள் சங்கிலியால் பளீர் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தார். மற்றவர் டிரில் வைத்து ஆணி ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாளி நிறைய டீ டிகாக்‌ஷன், அதில் ஒரு பிரஷ்.

"என்ன பண்றீங்க?" என்றேன்.

"பழசாக்குறோம் மேடம்" என்றார் சங்கிலிக்காரர், வெகு இயல்பாக.

என்ன மரம் என்றால் கப்பலில் வந்த மரம், பெயர் தெரியாது என்றார்கள். எந்தக் காட்டில் வெட்டியதோ. முன்பக்கம் வந்து கடைக்காரரைக் கேட்டேன். "கஸ்டமருக்குப் பழைய லுக்குதான மேடம் வேணும்?" என்று சிரித்தார். நான் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். தாஸ்தான் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

"உடுக்கா, டென்சன் ஆவாத. பூந்தமல்லிப் பக்கம் ஒரு பாய் கீறாரு. என் மச்சான் ஊட்டுக்கு அவருதான் கதவு, நெலவு செஞ்சாரு. நாயமான ஆளு."

ஆவடியிலிருந்து, பாய் இருக்கும் கரையான்சாவடி பத்து கிலோமீட்டர். காடுவெட்டிப் பாலத்தில் வண்டி நெரிசலில் நின்றது. கீழே கூவம் கரை முழுக்கச் சீமைக் கருவேலம். அதைக் கண்டதும், கடைக்காரர்மேல் மிச்சமிருந்த கோபமும் சேர்ந்து அதன்மேல் பாய்ந்தது.

நான் ராமநாதபுரம் மாவட்டம், கமுதிப் பக்கம். எங்கள் நிலம் இரண்டு ஏக்கரையும் விழுங்கியது இந்த மரம்தான். விவசாயம் போனபின் அம்மா அதே மரத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்று என்னைப் படிக்க வைத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முள் பொறுக்கப் போவேன். கால் முழுக்க முள். ஒவ்வொரு நாளும் அம்மா என் பாதத்தை மடியில் வைத்து ஊக்கால் தோண்டி எடுப்பாள். ஒரு முள் குதிகாலில் சீழ் பிடித்து ஒரு பரீட்சையே போனது. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே பக்கத்தில், இந்த மரத்தை வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும், இதனால் மனிதனுக்கு ஒரு காசுப் பயன் கிடையாது என்று எழுதினேன். நீங்களும் கைதட்டினீர்கள். இதையெல்லாம் தாஸிடம் கொட்டினேன்.

"மரத்தாண்ட இன்னாக்கா கோவம்? அது பாட்டுக்கு கீது" என்றார் அவர்.

1.05க்குக் கரையான்சாவடி. பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். பக்கத்துக் கடையில் ஆளுக்கொரு பிரியாணி, தலா 140 ரூபாய். ஆமாம், ஒரு சதுர அடி லாமினேட் விலை. ருசியில் ஒப்பிடவே முடியாது.

2.20க்கு ஜலால் பாய் வந்தார். ஐம்பது வயதிருக்கும், சட்டைக் கையில் மரத்தூள். நான் காலையிலிருந்து பட்டதைச் சொன்னேன். சிரிக்கவில்லை. "நீங்க பேச்ச நம்பாதீங்கம்மா. உள்ள வந்து நின்னு பாருங்க. செருப்ப இங்கயே விட்டுடுங்க" என்று பட்டறைக்குப் பின்னால் தான் கணக்குப் பார்க்கும் சிறிய அறைக்குக் கூட்டிப்போனார்.

செம்பழுப்பு நிறத் தரை. நீளப் பலகைகள் இல்லை. ஒரு சாண், ஒன்றரைச் சாண் துண்டுகளைக் கோரைப்பாய் முடைந்த மாதிரி சாய்த்துச் சாய்த்துப் பதித்திருந்தார். இரண்டு கணு ஒன்றுபோல இருக்கிறதா என்று குனிந்து தேடினேன். இல்லை. மூடித் தண்ணீரை ஊற்றிக் காலை வைத்தேன். பாதம் பிடித்து நின்றது. சில்லென்று இல்லை, வெதுவெதுப்பாக இருந்தது. நான்கு மாதத்தில் முதன்முறையாக என் உள்ளங்கால் கூசவில்லை. அப்படியே கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

"போட்டு எட்டு வருசமாச்சு. ஒரு துண்டு எழும்பல. மழைக்காலத்துல தேக்கே கொஞ்சம் உப்பும், இது அசையாது. பாலிஷ் போடக்கூடாது, எண்ணெய்தான். அதான் வழுக்கல" என்றார் பாய்.

"என்ன மரம் பாய்? வேங்கையா? ஈட்டியா?"

"சீமக் கருவேலம்மா. இங்க வேலிகாத்தான்னு சொல்வோம். குத்தம்பாக்கத்துப் பக்கம் ஏரிக்கரைய சுத்தம் பண்ணி வெறகுக்கு ஏத்திக்கினு போனாங்க. பெருத்த அடிமரமா பாத்து நான் வாங்கிக்கினேன்."

எதன் மேல் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தேன்! பாய் மேலே ஏதோ சொல்லிக்கொண்டே போனார். அந்த மரம் நேராக வளராததால் துண்டு துண்டாகத்தான் கிடைக்குமாம். வெளிப்புற மஞ்சள் பாகத்தை வண்டு துளைக்குமாம், அதைச் சீவி எறிய வேண்டுமாம். எனக்கு எதுவும் ஏறவில்லை. "அந்தச் சனியன் மேலயா என்னை நிக்க வெச்சீங்க?" என்று கத்திவிட்டேன். அவர் திகைத்துப் போனார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? நான் விறுவிறுவென்று அறையைத் தாண்டி, பட்டறையைத் தாண்டி, ரோட்டுக்கு வந்து ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். "போலாம் தாஸ்" என்றேன்.

தாஸ் வண்டியை எடுக்கவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தார். பிறகு திரும்பியே பார்த்தார்.

"யக்கா. கோலு எங்க?"

கையைப் பார்த்தேன். தடி இல்லை. காலில் செருப்பும் இல்லை. உள்ளேயிருந்து ஆட்டோ வரை முப்பது அடியாவது இருக்கும். வெறுங்காலோடு, எதையும் பிடிக்காமல், நடந்து வந்திருக்கிறேன். அதுவும் வேகமாக. இறங்கி மறுபடி தரையில் நிற்க முடியுமா என்று பயமாக இருந்தது. கொஞ்ச நேரம் அழுதேன். தாஸ் எதிர்க்கடையில் டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

பிறகு உள்ளே போய் பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். தடி அவர் அறைச் சுவரில் சாய்ந்திருந்தது. எங்கள் ஊர்க் கதையைச் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "உங்க கோவம் நாயந்தாம்மா. இத யாரும் நட்டு வளர்க்கக் கூடாது. ஏற்கனவே கெடக்கறத வெட்டி எடுக்கணும், அவ்ளோதான். அதனாலதான் நான் போர்டுல எழுதல. டிமாண்ட் வந்துச்சுன்னா எவனாவது தோட்டம் போட்டுடுவான்" என்றார். அன்று நான் பார்த்த மூன்று பேரில், விற்பதற்குப் பயந்தவர் இவர் ஒருவர்தான். அதனாலேயே இவரிடம் வாங்கினேன். வீடு 13 கிலோமீட்டர். போய்ச் சேர மாலை 5.30 ஆனது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். 10க்கு 11 அடி அறை, சதுர அடி 420 ரூபாய், பதிக்கும் கூலியோடு 46,200 ஆனது. பழைய டைல்ஸை உடைக்க வேண்டாம், அதன்மேலேயே ஒட்டிவிடலாம். கதவின் அடியை மட்டும் ஒன்றரை சென்டிமீட்டர் சீவ வேண்டியிருந்தது. வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் தடவ வேண்டும். எங்கே வாங்கினாலும் மரத்தின் பெயரையும் அது வந்த இடத்தையும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் கிளம்பிவிடுங்கள். கணுக்களை எண்ணிப் பாருங்கள். பின்கட்டையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் கரையான்சாவடிக்கு இரண்டரைக்கு மேல் போங்கள். அப்புறம், அந்தப் பழைய பதிவை நான் நீக்கவில்லை. "வேரோடு பிடுங்க வேண்டும்" என்பது அப்படியே இருக்கிறது. "எரிக்க வேண்டும்", "ஒரு காசுப் பயன் கிடையாது" என்ற இரண்டை மட்டும் அடித்துவிட்டேன்.

தரை போட்டு இன்றோடு பதினோரு நாள். தடி பால்கனியில் துணி உலர்த்தும் கொடியைத் தூக்கப் பயன்படுகிறது. அம்மாவிடம் மட்டும் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இன்று காலை காபியோடு படுக்கையறையில் வெறுங்காலில் நின்றபடி ஃபோன் போட்டுச் சொன்னேன்.

அம்மா மரத்தின் பெயரை இரண்டு முறை திருப்பிக் கேட்டாள்.

"ஏத்தா, நெசமாவா? தரைக்குப் போடுற மரத்தயா நான் இருவது வருசம் மூட்டம் போட்டு எரிச்சேன்?"

நீ எரித்ததால்தான் இன்று நான் இந்த வீட்டில் நிற்கிறேன் என்று சொல்ல வந்தேன். அதற்குள் அம்மா அவசரமாகக் கேட்டாள்.

"காலு குத்தலையா ஆத்தா?"

"இல்லம்மா" என்றேன். "குத்தல."