நானே அடித்த ‘நல்ல’

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருப்பூரில் ஒரு சிறிய நாளிதழில் ஞாயிறுதோறும் தோட்டப் பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். வாசகர்கள் நோய்ப்பட்ட இலையைச் சோற்றுப் பருக்கையால் கடிதத்தில் ஒட்டி அனுப்புவார்கள். நான் இலையைப் பார்த்து மருந்து சொல்வேன். இலைப்பேன், புழு, பூஞ்சை, சத்துக்குறைவு என்று எதை வேண்டுமானாலும் காரணமாகச் சொல்லலாம். சாயத் தண்ணீரை மட்டும் சொல்லக்கூடாது. எங்கள் தீபாவளி மலரில் பாதி, சாயப்பட்டறைக்காரர்களின் வாழ்த்து விளம்பரம்தான்.

“நீ செடிக்கு வைத்தியம் சொன்னாப் போதும் கண்ணு. ஊருக்குச் சொல்ல வேண்டாம்” என்பார் ஆசிரியர். அன்பாகத்தான் சொல்வார். அதுதான் எனக்கு எரிச்சல். திட்டியிருந்தால் சண்டை போட்டுவிட்டு வெளியே வந்திருக்கலாம். வந்து எங்கே போவது என்பது வேறு விஷயம். வீட்டில் கைக்குழந்தை. எழுதுவதைத் தவிர எனக்கு ஒரு வேலையும் தெரியாது.

அலுவலகத்தில் என் அறைக்கு ஒரே ஜன்னல். திறந்தால் கீழே ஓடை, ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் கருநீலமாகவும் ஓடும். நாற்றம் தாங்காமல் ஜன்னலைச் சாத்திவிட்டு, உள்ளே வேர்த்து விறுவிறுத்துக்கொண்டு, மல்லிகைக்குக் கவாத்து செய்வது எப்படி என்று எழுதுவேன்.

ஒரு கோடையில் எலுமிச்சை இலை ஒன்று வந்தது. நுனியும் ஓரமும் தீய்ந்திருந்தன. அனுப்பியவர், பஞ்சுத் தூசியால் இளைப்பு வந்து பனியன் கம்பெனி வேலையை விட்ட ஒரு பெண். நொய்யல் ஆற்றுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலம், ஒரு கிணறு, பதினொரு எலுமிச்சை மரங்கள். மரங்கள் பிழைத்தால் திரும்பக் கம்பெனிக்குப் போக வேண்டியதில்லை என்று கடைசி வரியில் எழுதியிருந்தார்.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது, உப்பு. துணியில் சாயம் பிடிக்கப் பட்டறைகளில் மூட்டை மூட்டையாகக் கொட்டுகிற உப்பு. மண்ணில் உப்பு ஏறினால் நல்ல தண்ணீரை நிறைய விட்டுக் கழுவி இறக்க வேண்டும். அப்படித்தான் எழுதினேன். நல்ல தண்ணீர் என்று போட்டால், அப்படியானால் கெட்ட தண்ணீர் எது என்று ஆசிரியர் கேட்பார். அவர் கேட்பதற்கு முன்பே ‘நல்ல’ என்ற சொல்லை நானே அடித்தேன். அவருடைய வேலையையும் சேர்த்துச் செய்ய எனக்குப் பழகிப்போயிருந்தது. ‘வாரம் இருமுறை தாராளமாகத் தண்ணீர் பாய்ச்சவும்’ என்று அச்சானது.

இரண்டு மாதம் மனசு கேட்கவில்லை. ஒரு நாள் பஸ் ஏறி அந்தப் பெண்ணின் தோட்டத்துக்குப் போனேன். பதினொரு மரங்களும் இலையில்லாமல் நின்றன. நான் எழுதியதை வெட்டி மோட்டார் ரூம் கதவில் ஒட்டியிருந்தார்.

“வாங்க சார். நீங்க எழுதுன மாதிரியே பாய்ச்சுனனுங்க. ஒரு வாரங்கூடத் தப்பலீங்க. நான் எங்க தப்புப் பண்ணுனேன்னுதான் தெரியலீங்க.”

தொட்டித் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. நாக்கில் வைத்தேன், கரித்தது. உங்கள் மேல் தப்பில்லை, கிணற்றில் சாயத் தண்ணீர் இறங்கியிருக்கிறது, இதைப் பாய்ச்சவே கூடாது என்று சொன்னேன். அவர் என் மேல் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“அப்புடீங்களா. அதையப் பேப்பர்ல போட்டுருங்க சார். பக்கத்துத் தோட்டத்துக்காரரும் நீங்க எழுதுனதப் படிச்சுத்தான் தென்னைக்குப் பாய்ச்சறாருங்க.”

“போட்டுடறனுங்க” என்றேன்.

எழுதினேன். நாலே வரி. அது என் மேஜை டிராயரிலேயே கிடந்தது. ஆசிரியர் மறுத்துவிட்டார் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அவர் கண்ணில் அதை நான் காட்டவே இல்லை. அந்த ஞாயிறு, தொட்டியில் ரோஜா வளர்ப்பது பற்றி எழுதினேன். என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

அடுத்த மாதம் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. பேசுகிற மாதிரியே எழுதியிருந்தார்.

“சார், நான் மறுபடியும் கம்பெனிக்கே போறனுங்க. தண்ணியப் பத்தி ஒண்ணும் வரலையேன்னு பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்டாருங்க. பேப்பர்ல எடம் இருந்திருக்காதுன்னு சொல்லி வெச்சிருக்கறனுங்க. நீங்க எழுதற வரைக்கும் தென்னைக்கு அந்தத் தண்ணியவே பாய்ச்சறேங்கறாருங்க.”