பாஸ் பெட்டிக்குள் ஓர் ஊதாச் சால்வை

அவரை எல்லாரும் டமாரம் என்றுதான் கூப்பிட்டார்கள். பக்கத்துத் தலையணையில் படுத்திருக்கும் மனைவியே இரண்டு தரம் "என்ன?" என்று கேட்டால்தான் அவர் பேசியது விளங்கும், அவ்வளவு மெல்லிய குரல். அப்படிப்பட்டவர் பிழைப்புக்கென்று பிடித்தது, கூட்டங்களுக்கும் கச்சேரிகளுக்கும் ஒலி அமைத்துக் கொடுக்கும் வேலை. "தொண்டையில வெக்க வேண்டியத ஆம்ப்ளிஃபையர்ல வெச்சுட்டாரு கடவுள்" என்பான் மச்சான். மச்சான் என்றால் டமாரத்தின் மனைவியின் தம்பி. அவனுடைய வேனில்தான் சாமான்கள் போய்வரும்.

வாடகை ஸ்பீக்கர் பெட்டிகளைத் தலைமுழுகிவிட்டு, அடிக்குரல் ஒலிக்கென்றே சொந்தக் கையால் இரண்டு பாஸ் பெட்டி செய்துவிட வேண்டும் என்பது டமாரத்தின் நெடுநாள் ஆசை. டிரம்மை அடித்தால் அடி கேட்பவர் வயிற்றில் போய் உட்கார வேண்டும். அகன்ற ஸ்பீக்கர்கள் இரண்டை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தார். நல்ல பலகைதான் அமையவில்லை. கடையில் காட்டியதெல்லாம் தட்டினால் அட்டைப்பெட்டி மாதிரி அழுதது. ஒரு மத்தியானம் படுத்தபடி புரண்டவரின் கண் படுக்கையறை அலமாரியில் போய் நின்றது. சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் கனத்த பிளைவுட் அலமாரி. எழுந்து போய் விரல் முட்டியால் தட்டினார். 'தொக்' என்று கெட்டியாகப் பதில் வந்தது.

"அலமாரியத் தட்டி என்ன விசாரிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"சும்மா."

"நேத்து இஞ்ச் டேப் வெச்சு அளந்தீங்களே, அதுவும் சும்மாவா?"

அவர் ஏதோ முணுமுணுத்தார். அவளுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடுத்த வாரம், கூடவே இருக்கும் தன் அம்மாவை அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போயிருக்க மாட்டாள்.

இரண்டு பெண்களும் திரும்பி வந்தபோது அலமாரி நின்ற இடத்தில் இரண்டு கறுப்புப் பெட்டிகள் நின்றன. மரத்தூளும் பசை வாடையும் வீடு முழுக்க. ஒவ்வொரு பெட்டியின் முகத்திலும் ஒரு பெரிய ஸ்பீக்கர். அதற்குக் கீழே காற்று வந்துபோக, கை நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. மனைவி நிலைப்படியிலேயே பையைப் போட்டாள்.

"துணியெல்லாம் எங்கே?"

"உள்ளதான் இருக்கு. ஒண்ணும் தொலையல. கதவு மட்டும் இப்ப வட்டமா இருக்கு" என்றார் டமாரம்.

தரையில் போட மனசு வராமல், வீட்டுத் துணிமணி அத்தனையையும் பெட்டிக்குள் வைத்து ஸ்பீக்கரைத் திருகி மூடியிருந்தார். அன்றிலிருந்து யாருக்கு மாற்றுச் சட்டை வேண்டுமானாலும் அவர் திருகாணி கழற்ற வேண்டும். மாமியாருக்கு ஒரு கைக்குட்டை எடுத்துத் தருவதற்குள் டீ ஆறிப்போகும்.

முதல் நிகழ்ச்சி தொழிலாளர் சங்கத்தின் ஆண்டு விழா. துணியை வெளியே எடுக்க நேரமில்லை. அப்படியே வேனில் ஏற்றினார்கள். டிரம்காரர் முதல் அடி அடித்ததும் டமாரத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. 'தும்.' அவ்வளவுதான். இழுவை இல்லை, கொழகொழப்பு இல்லை, சுவரில் போய் முட்டி முனகவில்லை. சங்கத் தலைவர் ஓடி வந்து கையைக் குலுக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பிடிவாதமாகத் துணியையெல்லாம் எடுத்துத் துவைத்துக் காயப்போட்டாள். அடுத்த நிகழ்ச்சிக்குப் போன வெறும் பெட்டிகள் 'கும்ம்ம்' என்று தகரத் தொட்டிக்குள் மாட்டிக்கொண்ட மாடு மாதிரி கத்தின. ரகசியம் அப்போதுதான் டமாரத்துக்குப் புரிந்தது.

"மாமா, கடையில பஞ்சு விக்கிறான். அத வாங்கி உள்பக்கம் ஒட்டினாப் போதும்" என்றான் மச்சான்.

ஒட்டிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தத் 'தும்' இல்லை என்று சாதித்தார். பஞ்சைப் பிய்த்தெறிந்துவிட்டுத் துணிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். மனைவியின் மேல்கோட்டு தேவலை. தன்னுடைய கால்சட்டைகள் எதற்கும் உதவாதவை. மாமியாரின் ஊதாக் கம்பளிச் சால்வையை மடிக்காமல், லேசாகக் கசக்கி இடது பெட்டியின் பின்மூலையில் வைத்தபோது சத்தம் திரும்பி வந்தது. டமாரத்தின் கண் கலங்கிவிட்டது.

பிறகு வீட்டில் ஒரு புது ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. நிகழ்ச்சி இருந்தால் நல்ல துணி பெட்டிக்குள் போகும், குடும்பம் கிடைத்ததைக் கட்டிக்கொள்ளும். இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது நகரத் தலைவர் வந்து புது மண்டபத்தைத் திறந்து வைக்கும் விழா வந்தது. ஒலி டமாரத்தின் பொறுப்பு. குடும்பத்துக்கும் முன்வரிசையில் இடம். மண்டபத்து ஏசி ஆளை விறைக்க வைத்தது. மாமியார் கொஞ்ச நேரம் கைகளைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு எழுந்து, விடுவிடுவென்று இடது பெட்டியின் முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கீழ்ப் பிளவுக்குள் கையை விட்டார்.

மேடையில் பாட்டு உச்சத்தில் இருந்தது. ஊதா நிறத்தில் ஒரு நுனி வெளியே வந்தது. 'தும்' கொஞ்சம் 'தூம்' ஆனது. இன்னொரு முழம் வந்ததும் 'தூம்ம்'. டிரம்காரர் தன் குச்சியையே சந்தேகமாகப் பார்த்தார்.

மேடையோரத்து மேசையருகே, அறிவிப்பாளரிடம் கொடுப்பதற்காக மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற டமாரம் ஓடி வந்து சால்வையைப் பிடித்தார். கையில் மைக் இருப்பது நினைவில்லை.

"அத்தை, விட்டுடுங்க."

வாழ்நாளில் முதன்முறையாக அவர் குரல் ஊருக்கே கேட்டது. கூரை அதிர்ந்தது. பாட்டு நின்றது.

"நீங்க விடுங்க மாப்ள, குளிருது!" மாமியாரும் மைக்குக்குப் பக்கத்தில்தான் இருந்தார்.

"பாட்டு முடியட்டும் அத்தை. இதுதான் என் பாஸ்."

"இது என் சால்வை!"

நகரத் தலைவர் நடந்து வந்தார். விஷயத்தைக் கேட்டார். புரியவில்லை, மறுபடி கேட்டார். பிறகு தன் கம்பளிக் கோட்டைக் கழற்றி மாமியாரின் தோளில் போட்டார். சால்வை உள்ளே போனது. பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. அதற்கப்புறம் அவர் பேசிய பேச்சு யாருக்கும் நினைவில்லை. குளிரில் பல் கிட்டிப்போய்ப் பாதியிலேயே முடித்துக்கொண்டார்.

மாமியார் அதோடு ஆளே மாறிப்போனார். எந்த மண்டபத்துக்குப் போனாலும் பக்கத்து நாற்காலிக்காரரை இடித்து, "இப்ப ஒரு 'தும்' வந்துச்சே, கேட்டீங்களா? அது நான்தான்" என்பார். மனைவி மட்டும் வளைந்து கொடுக்கவில்லை. பெட்டிகளின் முதுகில் கீல் வைத்த கதவும் கைப்பிடியும் போட வைத்த பிறகுதான் கணவனோடு முகம் கொடுத்துப் பேசினாள். இடைவேளையில் அவள் பாஸ் பெட்டியைத் திறந்து, வேண்டியதை உடுத்திக்கொண்டு, போட்டிருந்ததை உள்ளே வைத்து மூடுவதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். கேட்கத்தான் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

ஒருநாள் இன்னொரு ஒலியமைப்பாளர் வீடு தேடி வந்தார். முன்பு ஒரு விழாவில் டமாரத்தின் பெட்டிப் பிளவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, பொத்தான் வைத்த சட்டையைக் கண்டுபிடித்து, வீட்டுக்குப் போய்த் தன் பெட்டிகளிலும் மனைவியின் துணிகளை அடைத்துப் பார்த்தவர்.

"அவ துணி பூரா நைலான். ஒரு அடிகூட சரியா விழமாட்டேங்குது. அவளும் கோவிச்சுக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா" என்று தலையைச் சொறிந்தார். "உங்க மாமியாரோட பழசு ஏதாச்சும் இருந்தா…"

மாமியார் உள்ளே போய் வெகுநேரம் தேடினார். குதிகால் கிழிந்த ஒற்றைக் கம்பளிக் காலுறை ஒன்றைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"சின்ன மண்டபத்துக்கு இது போதும். கூட்டம் பெருசா வந்தா இன்னொண்ணு கேட்டு வாங்கிக்கோங்க."

அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.