கொழும்புக்கு இரண்டு மணி நேரம்

விமானம் தாழப் பறந்து போனால், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடி கிர்ரென்று அதிரும். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம். எனக்குப் பதினொரு வயது.

அப்பா ஹைஸ்கூலில் பூகோள வாத்தியார். அட்லஸை விரித்து ஸ்கேல் வைத்துக் காட்டுவார்.

"ஆகாசத்துல நேராப் போனா, கொழும்பு மெட்ராஸ் மாதிரி ஒண்ணரை மடங்கு தூரம்தான். ரெண்டு மணி நேரத்துல இறங்கிடலாம்."

கொழும்பில்தான் அக்கா இருந்தாள். அத்திம்பேருக்கு அங்கே ஒரு கம்பெனியில் வேலை. தலைப்பிரசவத்துக்கு இங்கே வந்திருக்க வேண்டியவள்... உடம்பு தாங்காது, பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒரு சாயங்காலம் அத்திம்பேரிடமிருந்து தந்தி. அக்காவுக்குப் பிரசவம் சிக்கல். மறுநாள் காலை திருச்சியிலிருந்து கிளம்பும் விமானத்தில் ஒரே ஒரு இடம் பிடித்திருக்கிறார். அம்மாவை அனுப்பச் சொல்லியிருந்தார்.

அம்மா உடனே புடவையை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள்.

"ஒண்டியாவா போவே?" என்றார் அப்பா.

"மாப்பிள்ளை அங்க வந்து நிப்பார். ரெண்டு மணி நேரம்னு நீங்கதானே சொன்னேள்?"

"ஒரு பொம்மனாட்டியைத் தனியா ஏத்தி அனுப்பினான்னு நாலு பேர் பேசுவா. எல்லாருமா ரயில்ல போவோம்."

"எம் பொண்ணு கூப்பிடறா. நான் போறேன்."

"சொன்னாக் கேளு!"

அதற்கு மேல் அந்த நாளில் எந்தப் பெண் பேசியிருக்கிறாள்...

விடியற்காலை திருச்சி ஜங்ஷனில் போட் மெயில் ரயிலில் ஏறினோம். மானாமதுரை தாண்டும்போது அம்மா மெதுவாகச் சொன்னாள், "இந்நேரம் அவ பக்கத்துல உக்காந்திருப்பேன்." அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தனுஷ்கோடியில் கப்பல். தலைமன்னாரில் மறுபடி ரயில். மறுநாள் காலை கொழும்பு.

ஸ்டேஷனில் நின்ற அத்திம்பேரின் முகத்தைப் பார்த்ததுமே அம்மா பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"நேத்து ராத்திரி போயிட்டா. குழந்தையும் தங்கலை. கடைசி வரைக்கும் 'அம்மா வந்தாச்சா'ன்னு கேட்டுண்டே இருந்தா..."

ஊர் திரும்பிய பிறகு துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா, "பகவத் சங்கல்பம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் சமையலறையிலிருந்து அம்மா வெளியே வந்து, எல்லோர் எதிரிலும் நின்றாள்.

"சங்கல்பமும் இல்லை, ஒண்ணும் இல்லை. நாலு பேர் பேசுவாளேன்னு பயம்."

பேசுவார்கள் என்று அப்பா பயந்த அந்த நாலு பேரும் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அதன் பிறகு அம்மா அவருக்குச் சாதம் போட்டாள், வேஷ்டி துவைத்தாள். வாய் திறந்து பேசியது மட்டும் கிடையாது.

போன மாதம் என் பெண் ஒரு கல்யாணத்துக்காகத் தனியாகக் கொழும்பு போனாள். யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. இறங்கியதும் போன்.

"ஒரு மணி நேரம்தாம்மா. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துட்டேன்."

சந்தோஷம்தான். ஆனால் போனை வைத்த பிறகு அப்பா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அவர் செத்துப் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது... எனக்கு இன்னும் ஆறவில்லை.