எழுதிப் போட்ட ஞாயிற்றுக்கிழமை

அவர் கைகள் மின்விசிறியின் வட்டமான இரும்புக் கூட்டுக்குள் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தன. இடது கை சுருளைப் பிடித்து நிறுத்த, வலது கை கம்பியைப் பள்ளத்தில் இறக்கி மூங்கில் குச்சியால் தட்டி உட்கார வைத்தது. பத்துச் சுற்றுக்கு ஒரு தடவை வலது கை மட்டும் வேலையை விட்டு இறங்கி, அடிவயிற்றை அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி ஏறியது. நான் அங்கே போனது அந்த வயிற்றுக்காகத்தான்.

தெருவில் அவருக்குப் பெயர் வைண்டர். எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். வீட்டின் முன்னறைதான் கடை. வயது ஐம்பத்தைந்து, பிள்ளைகள் இல்லை. கூட இருந்தது மாமியார், எண்பத்தோரு வயது, மறதி நோய். மனைவியைப் பற்றி நான் கேட்கவில்லை, வேலைக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அதுதான் முதல் தப்பு, அது என்னுடையது.

நான் நடத்துவது ஆறு கட்டில் உள்ள சிறிய இல்லம். வயதானவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு உடம்புக்கு வந்தாலோ, ஊருக்குப் போக வேண்டியிருந்தாலோ, வெறுமனே தூங்க வேண்டியிருந்தாலோ, பத்து நாள் நாங்கள் பார்த்துக்கொள்வோம். பதினோராம் நாள் திருப்பிக் கூட்டிப் போய்விட வேண்டும். சேர்ப்பதற்கு முன்னால் நானே வீட்டுக்குப் போய் ஒரு நடை பார்த்துவிடுவேன்.

வைண்டருக்குக் குடலிறக்கம். மாமியாரைத் தூக்கித் தூக்கி வந்தது. அறுவை சிகிச்சைக்கு இரண்டு தடவை தேதி வாங்கி இரண்டு தடவையும் போகவில்லை. முதல் தடவை மாமியார் குளியலறையில் விழுந்துவிட்டார். இரண்டாம் தடவை, வந்து பார்த்துக்கொள்கிறேன் என்ற மச்சான், மாமியாரின் மகன், வரவில்லை. குடல் எங்காவது மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, இந்தத் தடவையும் வராவிட்டால் என்னிடம் வராதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேதி திங்கட்கிழமை காலை எட்டு மணி.

படிவத்தை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். மாமியார் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். முப்பது வருடம் தபால் அலுவலகத்தில் கடிதம் பிரித்தவர். நேற்றைய நாள் மறந்துபோகும், எதிரில் இருக்கும் எழுத்து மட்டும் தப்பாது. கம்பிச் சுருளின் மேல் ஒட்டியிருந்த சீட்டு, பழைய செய்தித்தாள், என் கைப்பையின் ஓரத்தில் இருந்த கம்பெனிப் பெயர், எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டே இருந்தார்.

"தேதி போடுங்க மாப்ள. தேதி இல்லாத பேப்பரை நாங்க கையால தொட மாட்டோம்."

"போடறேன் அத்தை."

"அடுத்தது என்ன? மகன், மகள், தொடர்பு எண். எழுதுங்க."

மகன் பெயரை எழுதியதும் அவர் பேனா நின்றது. மறுபடி வயிறு வலிக்கிறது என்று நினைத்தேன். பிறகு மகளின் பெயரை எழுதி, எதிரில் ஒரு எண்ணைப் போட்டார். "சரியா இருக்கு" என்றார் மாமியார், அதிகாரி மாதிரி.

வியாழக்கிழமை கொண்டு வந்து விட்டார். உணவை எப்படி நறுக்கித் தர வேண்டும், எந்தப் பக்கம் படுத்தால் தூங்குவார், எல்லாம் ஒழுங்காகச் சொன்னார். மகளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

எங்கள் இல்லத்தில் ஒவ்வொரு கட்டிலுக்கும் தலைமாட்டில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. இன்று என்ன கிழமை, யார் எப்போது பார்க்க வருவார்கள் என்று பெரிய எழுத்தில் எழுதி வைப்போம். நான் ஏன் இங்கே வந்தேன், என்னை விட்டுவிட்டார்களா என்ற பதற்றம் அதைப் பார்த்தால் பெரும்பாலும் அடங்கும். நர்ஸ் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது. இருபது வருடமாக நடக்கிறது, நடந்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எழுதுவது எங்கள் உதவியாளர் பெண்மணி. அவரை மைக் என்று கூப்பிடுவோம். குசுகுசுவென்று பேசினாலே மூன்று வீடு தள்ளிக் கேட்கும்.

"பாட்டி, உங்களப் பாக்க யாரு வருவா?"

"எம் பொண்ணு."

"எப்ப வருவாங்க?"

"நீ சொல்லு."

ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்குப் பார்வையாளர் நாள். படிவத்தில் மகள் பெயரும் எண்ணும் இருந்தன. மைக் எழுதினார்: மகள் ஞாயிறு வருவார்.

வெள்ளிக்கிழமை அமைதியாகப் போனது. சனிக்கிழமை மணிக்கொரு தடவை கிழமை கேட்டார். ஞாயிறு காலை ஆறு மணிக்கே தலை வாரி, நல்ல புடவை கட்டி, கைப்பையை மாட்டிக்கொண்டு வெளிக்கதவின் கம்பியைப் பிடித்து நின்றுவிட்டார். பால் வேண்டாம், சாப்பாடு வேண்டாம், உள்ளே வர மாட்டேன். எதற்கு நிற்கிறோம் என்பது இடையில் மறந்துபோகும். உள்ளே வந்து பலகையைப் படிப்பார், மறுபடி போய் நிற்பார். மற்றவர்களுக்கு நாங்கள் ஞாபகம் ஊட்ட வைத்த பலகை இவருக்கு மறக்க விடாமல் வேலை செய்தது. அழித்துவிடலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. மகள் வரத்தானே போகிறாள் என்றிருந்தேன்.

ஒரு மணிக்கு வெயில் தலையைப் பிளந்தது. மைக் தோளைப் பிடித்து உள்ளே அழைக்கப் பார்த்தார். பாட்டி கைப்பையை ஒரு சுற்றுச் சுற்றி வீசினார். உள்ளே எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். மைக்கின் மேலுதடு கிழிந்தது.

ஐஸ் வைத்துவிட்டு மகளின் எண்ணுக்கு அடித்தேன். எடுத்தது வைண்டர். அன்று காலைதான் மருத்துவமனையில் சேர்ந்திருந்தார்.

"தம்பி, உங்க வீட்டம்மாகிட்ட குடுங்க."

"எதுக்கு சிஸ்டர்?"

"உங்க அத்தை காலையிலேர்ந்து கேட்டுல நிக்கறாங்க. மக வந்தாத்தான் உள்ள வருவாங்களாம். ஒரு அரைமணி நேரம் வந்துட்டுப் போகச் சொல்லுங்க."





"அவ இல்ல சிஸ்டர்."

"எங்க போயிருக்காங்க?"

"இல்ல சிஸ்டர். மூணு வருஷமா இல்ல."

நான் ஏதாவது சொல்வதற்குள், "இதோ வரேன்" என்று வைத்துவிட்டார்.

அரைமணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினார். டீ குடிக்கப் போகிறேன் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு நழுவியிருக்கிறார். புறங்கையில் ஊசிக்குழாய் பிளாஸ்திரியோடு அப்படியே இருந்தது. பாட்டி அவரைப் பார்க்கவில்லை, அவரைத் தாண்டிப் போய் ஆட்டோவுக்குள் குனிந்து பார்த்தார். பின் இருக்கைக்கு அடியிலும் பார்த்தார். ஆட்டோக்காரர் என்னைப் பார்த்தார்.

"அவ எங்க மாப்ள?"

"வேலைக்குப் போயிருக்கா அத்தை. ஆறு மணிக்கு வந்துடுவா."

மூன்று வருடமாக வீட்டில் இந்த ஒரு பதில்தான். ஆறு மணிக்குள் கேள்வியே மறந்துவிடும், அதனால் பதிலும் தேவைப்படாது. அன்று அது எடுபடவில்லை.

"ஞாயித்துக்கெழம என்ன வேல? உள்ள எழுதிப் போட்டிருக்கு. எழுதினதுக்கு மேல நீங்க என்ன பேசறீங்க?"

"சரி அத்தை, வாங்க, வீட்டுக்குப் போயிடலாம்" என்று வைண்டர் கீழே கிடந்த கைப்பையை எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முகம் வேர்த்துக் கொட்டியது.

மைக்கைப் பாட்டியோடு நிற்க வைத்துவிட்டு அவரை அலுவலக அறைக்குக் கூட்டிவந்து கதவைச் சாத்தினேன். எனக்குக் கோபம், மறைக்கவில்லை.

"ஏன் தம்பி எழுதல?"

"எப்படி எழுதறது? பக்கத்துலயே உக்காந்து ஒவ்வொண்ணா படிச்சாங்களே, நீங்களும் பாத்தீங்க."

"வெளியில வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்" என்றார். "வாய் வரல."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மனைவி வேலை செய்த இடத்தில் தலைவலி என்று உட்கார்ந்திருக்கிறார், மூளையில் இரத்தக்கசிவு, மறுநாள் இல்லை. இறப்புச் சான்றிதழ் வீட்டுக்கு வந்த நாளில் மாமியார் அதை நாலு தடவை எடுத்துப் படித்திருக்கிறார். நாலு தடவையும் அப்போதுதான் செய்தி வந்தது போல் அலறியிருக்கிறார். அன்று சாயங்காலமே அவர் சான்றிதழ், வங்கிக் கடிதம், துக்கம் விசாரித்து வந்த தபால் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுப் பக்கத்துப் பெயின்ட் கடையில் வைத்துவிட்டார். சுவரில் மாட்டிய படத்தையும் இறக்கிவிட்டார்.

"எங்க வீட்டுல அவ சாகவே இல்ல சிஸ்டர். தினம் ஆறு மணிக்கு வரப் போறா. எனக்கு அழணும்னா கம்பி வாங்கக் கடைக்குப் போற வழியில அழுதுக்குவேன். ஒரு கிலோமீட்டர்தான். போதும்."

போன் அடித்தது. மச்சான். இவர் ஆட்டோவிலிருந்தே கூப்பிட்டிருக்கிறார், இப்போதுதான் திருப்பி அடிக்கிறான். சத்தம் எனக்கும் கேட்டது.

"அத்தான், ஆபரேஷன கொஞ்சம் தள்ளிப் போடுங்க. அடுத்த மாசம் நான் வந்து ஒரு வாரம் இருக்கேன். அம்மாவ இப்படி வேத்து மனுஷங்ககிட்ட விடறது நல்லாவா இருக்கு?"

"போன தடவையும் அடுத்த மாசம்தான்டா" என்றார் வைண்டர், துண்டித்துவிட்டார். பிறகு என்னிடம், "கையெழுத்து எங்க போடணும் சிஸ்டர்? கூட்டிட்டுப் போயிடறேன். அந்தம்மா உதட்டுக்கு நான் என்ன பண்ணணும்னு சொல்லுங்க."

வெளியிலிருந்து மைக்கின் குரல் வந்தது: "ஒண்ணும் பண்ண வேணாம்! கீழுதடு நல்லாத்தான் இருக்கு!"

கைநீட்டுபவர்களை அன்றே வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது எங்கள் விதி. விடுவிப்புத் தாளை எடுத்து மேசையில் வைத்தேன். பக்கத்தில் ஒரு புதுப் படிவத்தையும் வைத்தேன்.

"இதுல கையெழுத்துப் போட்டா அவங்க உங்களோட வருவாங்க. நாளைக்குக் கீழ விழுந்தா நீங்கதான் தூக்கணும். இப்ப ஒரு கைப்பையைத் தூக்க முடியல. உங்க குடல் மாட்டிக்கிட்டா அவங்களுக்கு யாரு, போன்ல பேசற மச்சானா?"

அவர் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க விதியை நான் பாத்துக்கறேன். தப்புல பாதி எங்களோடது. இந்தப் பேப்பர்ல உள்ளது உள்ளபடி எழுதுங்க. கதவு சாத்தியிருக்கு, யாரும் படிக்கல."

நான் வெளியே வந்துவிட்டேன். நான் மறுபடி உள்ளே போனபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. மகள் என்ற கட்டத்தில் பெயருக்கு எதிரில் "இறந்துவிட்டார்" என்றும் தேதியும் இருந்தன. கட்டத்துக்குள் அடங்காதது பின்பக்கத்தில் இருந்தது. மகளைப் பற்றி எதையும் எழுதிக் காட்டக் கூடாது. கேட்டால் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் கடைக்கு. உடனே வேறு ஏதாவது படிக்கக் கொடுக்க வேண்டும். அழுதால் தடுக்க வேண்டாம், பத்து நிமிடத்தில் நின்றுவிடும். கடைசி வரி: நான் பொய் சொல்கிறேன் என்று அவர்களிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம்.

வைண்டர் சமையலறை வழியாகப் பின்பக்கம் இறங்கிப் போனார். மாமியாரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. மருத்துவமனையில் நர்ஸ் வாங்கு வாங்கென்று வாங்கினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பாட்டி ஐந்து மணிக்குக் கழிப்பறை போக உள்ளே வந்தார். அந்த நேரத்தில் நான் பலகையைத் துடைத்துவிட்டேன். வெளியே வந்தவர் அதன் எதிரில் நின்றார். எதையோ தேடுகிறார் என்பது தெரிந்தது, எது என்பது அவருக்கே தெரியவில்லை.

"இங்க ஏதோ இருந்துதே."

"தெரியலையேம்மா" என்றேன்.

"எழுதினத அழிக்கறது தப்பு" என்றார். படுத்துக்கொண்டார். அன்று முழுக்க அவர் குடித்தது அரை டம்ளர் தண்ணீர்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வைண்டரை அறுவை அரங்குக்குள் கொண்டுபோனார்கள். ஒன்றரை மணி நேரம், குடல் இறங்கிய இடத்தில் வலை வைத்துத் தைத்தார்கள். அதே எட்டு மணிக்கு இங்கே பாட்டி, "எம் பொண்ணு எங்க?" என்றார். உதடு வீங்கியிருந்த மைக், "வேலைக்குப் போயிருக்காங்க பாட்டி" என்று சொல்லிவிட்டு, மருந்து டப்பாவின் சீட்டைப் பிரித்து அவர் கையில் கொடுத்தார். பாட்டி இரண்டு பக்கமும் படித்தார். படித்துக்கொண்டே ஒரு டம்ளர் பால் குடித்தார். பத்து மணிக்கு மறுபடி வெளிக்கதவுக்குப் போனார். நான் தடுக்கவில்லை. மைக் இரண்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நிழலில் போட்டார்.