ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் நாலு பேர்

நிறஞ்சனாவுக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, முள்ளிவாய்க்காலில் அவர்களின் பதுங்குகுழி வாசலில் செல் விழுந்தது. தாயும் தம்பியும் அந்த இடத்திலேயே செத்துப்போனார்கள். அவளுடைய இடது கண்ணுக்குப் பின்னால் ஓர் இரும்புத் துண்டு ஏறியது. எடுக்கப்போனால் பார்வை போய்விடும், இருக்கிற இடத்தில் இருக்கட்டும் என்று முகாமில் பார்த்த டொக்டர் சொன்னார். அந்தத் துண்டோடுதான் அவள் யூட்சனைக் கலியாணம் கட்டினாள். லக்சிகாவையும் அனிஸ்ரனையும் பெற்றாள்.

யூட்சன் கடற்றொழில் செய்கிறவன். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஐந்தாம் வகுப்போடு அவனுடைய படிப்பு நின்றுபோனது. நிறஞ்சனாவோ அச்சடித்த எதையும் விடமாட்டாள். சீனி சுற்றி வந்த பேப்பரைக்கூட விரித்து வாசித்துவிட்டுத்தான் எறிவாள். பிரதேச சபை நூலகத்தைத் திரும்பக் கட்டித் திறந்தபோது, பிள்ளைகளின் பெயரோடு புருசனின் பெயரையும் சேர்த்துப் பதிந்தது அவள்தான்.

முதல் சில மாதம் அவன் உள்ளே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாலு பேரும் ஒரே மோட்டார் சைக்கிளில் போவார்கள். மற்ற மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக, அவன் வேப்பமரத்தடியில் நிற்பான். எதையாவது வாசிக்கச் சொல்லி யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். ஒரு நாள் நல்ல மழை. ஒதுங்க வந்தவனை நிறஞ்சனா கதிரையில் இருத்தி, பனிக்கடலில் வலை இழுக்கும் மீனவர்களின் படம் போட்ட புத்தகத்தை அவனுக்கு முன்னால் விரித்தாள். அந்தக் குளிரில் அவர்களுக்குக் கை எப்படி வேலை செய்யும் என்று அவன் கேட்டான். அவள் அவன் காதோடு வாசித்துச் சொன்னாள். அதற்குப் பிறகு அவன் வெளியே நிற்கவில்லை.

விசிறிக்குக் கீழே இருந்த மேசை அவர்களுடையதாகிவிட்டது. அனிஸ்ரன் படக்கதைகளைக் கட்டாகக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றையும் முடிக்கமாட்டான். லக்சிகா தாயின் புத்தகத்தைத் தோளுக்கு மேலால் வாசித்து, தாய்க்கு முன்னமே பக்கத்தை முடித்துவிட்டு அவசரப்படுத்துவாள். யூட்சன் பேப்பர் தலைப்புகளை எழுத்துக்கூட்டிப் பார்ப்பான். திரும்பும் வழியில் குச்சி ஐஸ்பழம் வாங்கிச் சூப்புவார்கள். பின்னேரம் குசினியில் மீன் வெட்டிக்கொண்டே அவள் கதையின் மிச்சத்தைச் சொல்வாள். செத்துப்போன தாயையும் தம்பியையும் பற்றி அந்த வீட்டில் யாரும் கதைப்பதில்லை. ஆனால் புத்தகத்தில் ஒரு தாய் பிள்ளையைத் தொலைத்தால், அதைப் பற்றி நிறஞ்சனா சோறு ஆறும்வரை கதைப்பாள். யூட்சன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பான்.

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற வருடம் அவர்கள் சைக்கிளில் போனார்கள். ஒரு ஞாயிறு நிறஞ்சனா வளைவில் திரும்பாமல் நேரே போய் வாய்க்காலுக்குள் விழுந்தாள். பிறேக் பிடிக்கவில்லை என்றாள். முழங்கால் இரத்தத்தைக் கழுவிவிட்டு, நூலகத்தில் வழமைபோலப் புத்தகத்தோடு இருந்தாள். அன்றைக்கு லக்சிகா தாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தகப்பனைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள்.

“அம்மா பக்கம் திருப்பிறா அப்பா, ஆனா வாசிக்கேல்லை. அவா எழும்பிப் போகேக்க நான் வேற புத்தகத்தை மாத்தி வைச்சனான். அதுவும் அவாவுக்குத் தெரியேல்லை.”

யூட்சன் போய்க் கேட்டபோது நிறஞ்சனா மறுக்கவில்லை. இடது கண் போய்ப் பல மாதம், இப்போது வலது கண்ணிலும் எழுத்துகள் கரைகின்றன என்றாள். சொன்னால் ஆஸ்பத்திரியும் அலைச்சலுமாகி நூலகம் போவது நின்றுவிடும், பிள்ளைகளுக்கு இருக்கிற ஒரே சந்தோசம் அதுதானே என்று நினைத்தாளாம். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் காட்டினார்கள். துண்டு அசைந்திருக்கிறது, வெட்டி எடுக்க முடியாது, முந்தி வந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம் என்றார்கள். முந்தி என்ற அந்தச் சொல் லக்சிகாவின் மனதில் தங்கிவிட்டது.

இனி நீங்கள் மூன்று பேரும் போங்கோ என்று நிறஞ்சனா சொன்னபோது யூட்சன் விடவில்லை.

“நீ வராட்டில் ஒருத்தரும் போகேல்லை. நான் வாசிக்கிறன், நீ கேள்.”

அவன் எடுத்தது சிறுவர் பகுதிப் புத்தகம். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து, கடலில் கூப்பிட்டுப் பழகிய குரலில் வாசித்தான். பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முறைப்பாடு சொன்னார்கள். நூலகத்தில் வேலைசெய்த நேசமலர் வந்து, சத்தம் கூடாது அண்ணை என்றாள். அவன் புத்தகத்தை மூடிவிட்டு, மனைவியின் கையைப் பிடித்து எழுப்பினான். அவள் மேசையைத் தடவித் தடவி நடப்பதை நேசமலர் பார்த்தாள். பிறகு பழைய பேப்பர் கட்டுகள் கிடந்த பின்னறையைத் திறந்து, நாலு கதிரை போட்டுக் கொடுத்தாள்.

“கதவைச் சாத்திப்போட்டு விரும்பின மாதிரி வாசியுங்கோ.”

அந்த அறையில் விசிறி இல்லை. வேர்வை ஒழுக அவன் வாசித்தான். அரண்மனை என்பதை ‘அரணைமனை’ என்றான். அனிஸ்ரன் விழுந்து விழுந்து சிரித்தான், நிறஞ்சனாவும் சிரித்தாள். அவனுடைய பிழைகளை அவள் கேட்டுக் கேட்டுத் திருத்தினாள். சின்னப் புத்தகங்கள் முடிந்து, ஒரு பெரிய நாவலுக்கு வந்துவிட்டார்கள்.

மழைக்காலம் தொடங்க அவள் திருத்துவதை நிறுத்தினாள். காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. நாவலில் ஒரு பையனின் பெயர் வரும்போதெல்லாம், “ஆர் அந்தப் பெடியன்?” என்று கேட்டாள். யூட்சன் ஒவ்வொரு முறையும் வாசிப்பை நிறுத்தி, தொடக்கத்திலிருந்து சொன்னான். கொஞ்ச நேரத்தில் அவள் திரும்பவும் கேட்டாள். லக்சிகா எழும்பி வெளியே போய்விட்டாள்.

சில நாளில் வலிப்பு வந்தது. துண்டைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளுக்கு நினைவு திரும்பவேயில்லை. காய்ச்சலில் செத்தாள் என்று ஊரில் சொன்னார்கள். யூட்சன் அதை ஒத்துக்கொள்ளவில்லை. செல்லடியில் செத்தவள் என்றுதான் இன்றும் சொல்கிறான்.

அடக்கம் முடிந்து சில கிழமைகளின் பின் அவன் பிள்ளைகளை நூலகத்துக்குக் கூப்பிட்டான்.

“அம்மா கண்ணைப் பற்றிச் சொல்லாம விட்டதே அந்த இடத்துக்காகத்தானே,” என்றாள் லக்சிகா. “எனக்கு அங்க வரேலாது.”

அவன் வற்புறுத்தவில்லை. அவனும் மகனும்தான் போகிறார்கள். எல்லா ஞாயிறும் இல்லை. பின்னறைக்குப் போகாமல் மற்றவர்களோடு முன்னால் இருந்து, உதடு மட்டும் அசைய அவன் வாசிக்கிறான்.

போன மாதம் ஒரு ஞாயிறு அவர்கள் திரும்பி வந்தபோது, லக்சிகா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு என்ன வாசித்தது என்று தலையை நிமிர்த்தாமல் கேட்டாள். மலையூர் ஒன்றில் தபால் கொண்டுபோகிற ஒருவனின் கதை என்று யூட்சன் தொடங்கி, தெரிந்த அளவுக்குச் சொன்னான். அவள் விளக்குமாற்றைப் பிடித்தபடி கடைசிவரை கேட்டாள். பிறகு மிச்ச முற்றத்தைக் கூட்டினாள். அடுத்த ஞாயிறும் அவள் அவர்களோடு போகவில்லை.