புழுதி ஏன் நின்றது?

அந்த லாயத்தில் சிஐடி அக்காவைத் தெரியாதவர்கள் இல்லை. தீவனம் கொண்டுவரும் வண்டிக்காரரிலிருந்து லாடம் அடிப்பவர் வரை முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே வெறும் அக்கா. வைக்கோல் கட்டு வந்து இறங்கினால் நடுவில் கையை விட்டு ஈரம் பார்ப்பாள். லாடம் அடித்தவர் நிமிர்வதற்குள் குளம்பைத் தூக்கி ஆணிகளைத் தடவுவாள். அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்த இரண்டு நல்ல மனிதர்களையும் தொண்டையைச் செருமிச் செருமிக் கேள்வி கேட்டே திருப்பி அனுப்பியவள். அவர்களில் ஒருவர் வேறொரு பெண்ணோடு சந்தோஷமாக வாழ்கிறார் என்று யாரோ சொன்னபோது, "வெளியில அப்படித்தான் தெரியும்" என்றாள்.

ஆனால் சேணமே பார்க்காத இளங்குதிரை மேல் முதன்முதலாக ஏறி உட்காருவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்தப் பருவத்துக் குதிரை காற்றில் பறக்கும் காகிதத்தைக்கூட நம்பாது. அக்காவும் நம்பமாட்டாள். அதனாலேயே இருவருக்கும் ஒத்துப்போகும்.

லாயத்துக்கு மேலே இருந்த மூன்று அறைகளில்தான் குடும்பம். அக்கா, தம்பி, தம்பி மனைவி, பள்ளிக்கூடம் போகும் அவர்கள் மகள். தம்பியும் ஒருகாலத்தில் சவாரிக்காரன்தான். ஒரு முரட்டுக் குதிரை அவனை வேலிமேல் தூக்கி எறிந்ததில் முதுகெலும்பில் உலோகத் தகடு வைக்கவேண்டியதாயிற்று. "இனிமே குதிரை மேல ஏறினா, அடுத்த தடவை நடக்கவே முடியாது" என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே அவன் அக்காவின் கையைப் பிடித்து, ஏறமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தான். அதிலிருந்து தரையில் நின்று செய்யும் வேலையெல்லாம் அவனுடையது, மேலே உட்கார்ந்து செய்வதெல்லாம் அவளுடையது. லாயத்துச் சாவிக்கொத்து மட்டும் அவன் இடுப்பிலேயே தொங்கியது.

இப்படி இருக்கும்போதுதான் புழுதி பழக்குவதற்கு வந்தது. மண் நிறத்தில் ஒரு பெட்டைக் குதிரை, நீளக் கழுத்து, எதைப் பார்த்தாலும் காதைத் திருப்பும் சுபாவம். முதலில் அக்கா அதன் முதுகில் குறுக்கே படுத்தாள், பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். தம்பி கயிறு பிடித்து வட்டக் களத்தில் நடத்தினான். பயம் தெளிந்ததும் கயிற்றைக் கழற்றிவிட்டார்கள். நட, திரும்பு, நில். அக்காவுக்கு 'நில்'தான் உயிர். வாயால் அதட்டி நிறுத்துகிறவர்களைக் கண்டால் அவளுக்கு இளக்காரம். மூச்சை விட்டு, இடுப்பைக் கனமாக்கி, விரல்களை மெல்ல மூடினால் குதிரை நிற்கவேண்டும். நின்ற நொடியே பிடியைத் தளர்த்திவிடவேண்டும். அவள் பாடம் அவ்வளவுதான்.

புழுதி நின்றது. அதுதான் பிரச்சினை. அவள் விரலை மூடுவதற்கு முன்பே நின்றது. இடுப்பைக் கனமாக்குவதற்கு முன்பே, சொல்லிவைத்தாற்போல் நின்றது.

வேறு யாராக இருந்தாலும் 'என்ன புத்திசாலிக் குதிரை!' என்று கழுத்தைத் தட்டிக்கொடுத்திருப்பார்கள். அக்கா சந்தேகப்பட்டாள். தான் சொல்லிக்கொடுக்காததைக் குதிரை கற்றிருக்கிறது என்றால் வேறொருவர் கற்றுக்கொடுத்திருக்கவேண்டும். லாயத்தில் குதிரை ஏறத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். மத்தியானம் அவள் தூங்கும் நேரத்தில் சாவி தம்பியிடம்தான் இருக்கிறது.

அதன்பிறகு எதைப் பார்த்தாலும் சாட்சியாகத் தெரிந்தது. சேணத்தின் வயிற்று வாரை எப்போதும் மாட்டும் ஓட்டையில் மாட்டினால் தொளதொளவென்று கிடந்தது, ஒரு ஓட்டை தள்ளி இறுக்கவேண்டியிருந்தது. யாரோ இறுக்கிக் கட்டி வாரை நீட்டியிருக்கிறார்கள்! சாயங்காலம் படியேறும்போது தம்பி முதுகைப் பிடித்துக்கொண்டான். ஏன் பிடிக்கிறான்?

ஒருநாள் சேணத்தையும் அதை வைத்திருக்கும் கட்டையையும் சேர்த்துக் கறுப்பு நூலால் கட்டிவிட்டுத் தூங்கப்போனாள். வந்து பார்த்தால் நூல் கட்டியபடியே இருந்தது. 'பார், எவ்வளவு பக்குவமாகத் திருப்பிக் கட்டியிருக்கிறான்!' என்று பல்லைக் கடித்தாள்.

இதெல்லாம் கூடப் போகட்டும். சாப்பாட்டு மேசையில் நடந்ததுதான் அவளை உறுதிப்படுத்தியது. தம்பி மகள் பள்ளிக்கூடத்து ஆமை ஒன்றைப்பற்றிக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணீர்த் தொட்டியிலிருந்து காணாமல்போன அந்த ஆமையை வகுப்பு முழுக்கத் தேடியிருக்கிறார்கள். தம்பியும் மனைவியும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். குதிரையைப்பற்றி நைசாகப் பேச்சைத் தொடங்கலாம் என்று அக்கா தொண்டையைச் செருமினாள்.

மேசை கப்சிப்பென்று ஆகிவிட்டது. கரண்டிகள் நின்றன. ஆமை பாதியில் நின்றது. தம்பி மனைவி தட்டைப் பார்த்தாள், தம்பி மனைவியைப் பார்த்தான்.

'நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாருக்கும் வாயடைத்துப் போகிறதே! மொத்தக் குடும்பமும் கூட்டு' என்று அக்கா முடிவு கட்டினாள்.

"மத்தியானத்துல புழுதி மேல யாரு ஏறுறது?"

"யாரும் ஏறலையே அக்கா" என்றான் தம்பி.

"அப்ப குதிரை தானா படிச்சுக்குதா?"

"நிஜமாவே எனக்குத் தெரியலக்கா. நான் வாக்குக் கொடுத்திருக்கேன்ல?"

"கொடுத்தே. காப்பாத்தினியா?"

தம்பி மனைவிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணி, இவருக்கு ராத்திரி புரண்டு படுக்கவே நான் கை கொடுக்கணும். இவரா குதிரை ஏறுவாரு?"

"அதான் கேக்குறேன். வலி ஏன் கூடியிருக்கு?"

அக்கா கையை நீட்டினாள். தம்பி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றி அதில் வைத்தான். "நீ நம்பலைன்னா நான் இங்க இருந்து என்ன பிரயோஜனம்? வேற இடம் பாத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனான். கையில் சாவி கனத்தது. அவனை விட்டால் அவளுக்கு யாரும் இல்லை என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் ஏமாந்தவள் என்று பேர் வாங்க அவள் தயாராக இல்லை.

மறுநாள் காலை அவள் தனியாகவே சேணம் போட்டுப் புழுதியை வட்டக் களத்துக்குக் கொண்டுவந்தாள். தம்பி வெளியே வேலியில் கையூன்றி நின்றான்.

"இங்க என்ன வேலை உனக்கு?"

"நான் கயிறு பிடிச்சு நடத்தின குதிரை. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்கிறேன்."

அவள் பேசாமல் ஏறி நடத்தினாள். புழுதி நின்றது, நடந்தது, மறுபடி நின்றது. வழக்கம்போல் விரல் மூடுவதற்கு முன்பே நின்றது. பார்த்துக்கொண்டே இருந்த தம்பியின் முகம் மெல்ல மாறியது. பிறகு அவன் களத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான்.

"அக்கா, இப்ப நிறுத்தாதே. நல்லா வேகமா நடத்து."

அவள் கால்களால் அணைத்துப் புழுதியை முடுக்கினாள். அது உற்சாகமாக நடைபோட்டது. தம்பி திரும்பாமலே, "க்ஹும்" என்று தொண்டையைச் செருமினான்.

புழுதி ஆணி அடித்தாற்போல் நின்றது. அக்கா சேணத்தில் முன்னால் சரிந்து கழுத்து மயிரைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியா!" என்று கத்தினாள். "உன் குரலுக்கு நிக்குது! நீதானேடா பழக்கியிருக்கே!"

"அது என் செருமல் இல்லக்கா. உன்னுது." தம்பி திரும்பினான். "ஒவ்வொரு தடவையும் நிறுத்தறதுக்கு முன்னாடி நீ செருமுறே. உனக்கே தெரியாது. நான் குதிரையோட காலையே பாத்துக்கிட்டிருந்தேன், அதனால எனக்கும் இத்தனை நாளா காதுல விழல. நம்பலைன்னா இப்ப நிறுத்திப் பாரு. வாயை மூடிக்கிட்டு."

அக்கா புழுதியை நடத்தினாள். உதடுகளை இறுக்கினாள். மூச்சை விட்டு, இடுப்பைக் கனமாக்கி, விரல்களை மூடினாள். புழுதி காதைப் பின்னால் திருப்பி அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்டபடி நடந்துகொண்டே இருந்தது. களத்தைச் சுற்றி வந்தும் நிற்கவில்லை. தான் சொல்லிக்கொடுத்ததாகப் பெருமைப்பட்ட பாடத்தில் ஒரு எழுத்துகூட அதற்குத் தெரியவில்லை.

"வார் ஓட்டை?" என்றாள் பலவீனமாக.

"வேலை குடுக்க ஆரம்பிச்சோம், புல்லு தின்னு பெருத்த வயிறு வத்திடுச்சு. எல்லா இளங்குதிரைக்கும் ஓட்டை தள்ளும்னு எனக்குச் சொன்னதே நீதானே."

ஆமாம், அவள்தான் சொன்னாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற தம்பி முதுகைப் பிடித்தபடி மெதுவாகத் திரும்பி நடந்தான். அந்த வலிக்குக் காரணம் கேட்க இப்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் மேசையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அறை மூலையில் துணிப்பை ஒன்று பாதி அடுக்கிய நிலையில் இருந்தது. குழந்தைக்கு அதெல்லாம் கணக்கில்லை. அவள் ஆமைக் கதையை விட்ட இடத்திலிருந்து பிடித்துவிட்டாள். ஆமை டீச்சருடைய செருப்புக்குள் இருந்ததாம். தம்பிகூடத் தன்னை மறந்து சிரித்தான்.

அக்கா சாவிக்கொத்தை எடுத்து அவன் தட்டருகில் வைத்தாள். மன்னிப்புக் கேட்கவேண்டும். காலையிலிருந்து அந்த வார்த்தைகளைத்தான் மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். சொல்லத் தொடங்குமுன் அவளையறியாமல் தொண்டை செருமியது.

கரண்டிகள் நின்றன. தம்பியின் சிரிப்பு முகத்திலேயே உறைந்தது. தம்பி மனைவியின் கை தானாக நகர்ந்து மகளின் தோளில் படிந்தது. குழந்தை வாயைப் பாதி திறந்தபடி, கண்ணை மட்டும் அத்தை பக்கம் திருப்பியது. காலையில் புழுதியின் காது திரும்பியதே, அதே மாதிரி.

அக்கா அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எத்தனை வருஷமாக இவர்கள் இப்படி நிற்கிறார்கள்? நிறுத்தத்தான் பழக்கியிருக்கிறாள், ஒருநாளும் பிடியைத் தளர்த்தியதில்லை.

"ஒண்ணுமில்ல, சாப்பிடுங்க" என்றாள். யாரும் அசையவில்லை.

அவள் தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். குழாயைத் திறந்து, தொண்டை நனையக் குடித்தாள். பிறகு அங்கிருந்தே, செருமாமல் சொன்னாள். "சாவி உன்னோடதுதான்டா. தப்பு என்னோடது. எங்கயும் போகாதே."

அவள் திரும்பி எட்டிப்பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி, மூச்சை விட்டுக்கொண்டு காத்திருந்தாள். சாவிக்கொத்தை மேசையிலிருந்து எடுக்கும் சத்தம் கேட்டது. ஒரு கரண்டி தட்டில் பட்டது, பிறகு இன்னொன்று.

"அப்புறம் ஆமை என்ன பண்ணிச்சு தெரியுமா?" என்று குழந்தை தொடர்ந்தது.