அவர் சாப்பிடாத முட்டைகள்

அறுபத்தேழில் புது ஆட்சி வந்து ஆறேழு மாதம் இருக்கும். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் தெருவில் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. பண்ணையார் வெளியூர் ஆள் வைத்துக் குறுவையை அறுத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் ஒருவேளைக் கஞ்சிதான். அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரருக்கு இருமலில் ரத்தம் கண்டது. நான் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி.

காசநோய் ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தது. தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டார்கள். வாரத்தில் இரண்டு நாள் திருக்காட்டுப்பள்ளியில் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன். கிளம்பும்போது ஒரு மஞ்சள் பையைக் கையில் திணிப்பார். உள்ளே ரொட்டியும் அவித்த முட்டையும் இருக்கும்.

“உங்களுக்கு?”

“இங்க நிறையக் குடுக்குறாங்க புள்ள. திகட்டுது. நீ ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்.”

நம்பினேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. மேற்கொண்டு கேட்கப் பசி விடவில்லை. பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு முட்டையை உரித்துத் தின்றுவிடுவேன்.

இரண்டாம் மாதம், காதுக்குள் சில்வண்டு கத்துகிறது என்றார். நடந்தால் தள்ளாடினார். பிறகு நான் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. டாக்டரம்மா அந்த ஊசியை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றினார். என்னைத் தனியாக அழைத்துப் பேசினார்.

“இந்த ஊசி சில பேருக்குக் காது நரம்பைக் கெடுத்துடும்மா. யாருக்குன்னு முன்னாடியே சொல்ல முடியாது. உடம்புல சத்து இல்லேன்னா ஆபத்து இன்னும் ஜாஸ்தி. அதுக்கும் சேர்த்துத்தான் முட்டை, பாலெல்லாம் குடுக்குறோம். ஒழுங்காச் சாப்பிட்டாரா?”

என் கையில் அன்றைய பை இருந்தது.

“சாப்பிட்டாருங்க” என்றேன்.

நெஞ்சு குணமாகி ஊர் திரும்பினார். காது மட்டும் திரும்பவில்லை. மகள் பிறந்து வீறிட்டு அழுதபோது அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முன்பெல்லாம் அவர் நாற்றுப் பறிக்கும் இடத்துக்கும் நான் நடும் வயலுக்கும் இடையே, வாய்க்காலைத் தாண்டிப் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். யார் வீட்டில் கல்யாணம், கொட்டகையில் என்ன படம், யார் யாரோடு சண்டை, எல்லாம் பேசுவோம். இப்போது குனிந்து வேலை செய்கிறவருக்கு என் உதடு தெரியாது. கிட்டே போய்த் தோளைத் தொட்டுச் சொல்கிற அளவுக்கு அதெல்லாம் அவசரமான சங்கதியும் இல்லை. அப்படியே பேச்சு குறைந்துபோனது. அந்த வெட்டிப் பேச்சுக்கு நான் ஏங்கியதுபோல, பட்டினி கிடந்த நாளில் சோற்றுக்குக்கூட ஏங்கியதில்லை.

ஒரு தை மாதம், வாய்க்காலில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் தின்றதை, டாக்டரம்மா கேட்டதை, நான் சொன்ன பொய்யை. சத்தமாகவே சொன்னேன். மாடு தலையைத் திருப்பியதும் அவரும் திரும்பினார்.

“கூப்பிட்டியா புள்ள?”

“சோறு ஆறுதுங்க, வாங்க” என்றேன், உதட்டை நன்றாக அசைத்து.

அதற்கப்புறம் முப்பது வருஷம் இருந்தார். முகத்துக்கு நேரே அதைச் சொல்ல எனக்கு வாய் வரவே இல்லை.